கேளுங்க அக்கா: குளிருக்கும் மழைக்கும் சில பழைய பாட்டுகள்

போன மாதம் இந்தப் பகுதியில் ஒரு அமெரிக்கப் பாடகியின் குழந்தைப் பாட்டு ஆல்பத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். பழைய ஆங்கிலக் கவிதைகளை எடுத்து விதவிதமான பாணியில் மெட்டுப் போட்டவர். சும்மா ஒரு தகவலாகத்தான் சொன்னேன். அதற்கு நம் கொடைக்கானல் மலை முழுக்க இருந்து கடிதம் வந்திருக்கிறது, அதனால் இந்த மாதம் பக்கம் பூராவும் பாட்டுதான். பூண்டு விலை, பஸ் நேரம் எல்லாம் அடுத்த மாதம் பார்க்கலாம்.

அக்கா, நீங்கள் சொன்னீர்களே என்று அந்த ஆல்பத்தைப் போட்டோம். ஏழு வயது மகள் மூன்று பாட்டோடு எழுந்து போய்விட்டாள். எனக்கும் வீட்டுக்காரருக்கும்தான் பிடித்தது. இது குழந்தைப் பாட்டா, பெரியவர்கள் பாட்டா?
— ஒரு அம்மா, நாயுடுபுரம்

இரண்டும் கலந்து கட்டியது. தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: நடாலி மெர்ச்சன்ட் 2010இல் வெளியிட்ட ‘லீவ் யுவர் ஸ்லீப்’. இரண்டு சிடி, 26 பாட்டு. சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டுவிட்டுத் தெருவுக்கு விளையாட வாங்கடா என்று கூப்பிடும் ஒரு பழைய ஆங்கிலப் பிள்ளைப் பாட்டின் வரியிலிருந்து எடுத்த தலைப்பு. தன் மகளை வளர்த்துக்கொண்டே சில வருஷம் கவிதைகளைத் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார். எட்வர்ட் லியர், ஸ்டீவன்சன், கிறிஸ்டினா ரொசெட்டி போன்ற பெரிய பெயர்களும் உண்டு. நதாலியா கிரேன் என்று ஒரு சிறுமி எழுதி 1924இல் புத்தகமாக வந்த கவிதையும் உண்டு. ஒரு பாட்டு ரெக்கே, ஒன்றில் சீன வாத்தியங்கள், இன்னொன்று ஜாஸ் என்று பாட்டுக்குப் பாட்டு உடுப்பு மாறும்.

உங்கள் மகள் எழுந்து போனதில் அவள் மேல் தப்பே இல்லை. 26 பாட்டை வரிசையாகக் கேட்க எந்தப் பிள்ளை உட்காரும்? அதிலிருந்து 16 பாட்டை மட்டும் எடுத்து ஒரே சிடியாகவும் போட்டார்கள், அதுவும் கூட அதிகம்தான். யானையும் குருடர்களும் பாட்டை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். நம் ஊர்க் கதை, ஜான் காட்ஃப்ரி சாக்ஸ் என்ற அமெரிக்கர் 19ஆம் நூற்றாண்டில் கவிதையாக்கினார், அப்புறம் இந்த அம்மா மெட்டுப் போட்டு நமக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். யானை சுவர் போல, கயிறு போல, விசிறி போல என்று ஒவ்வொருவராகச் சொல்லும்போது மகளை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஜெரார்ட் மான்லி ஹாப்கின்ஸ் கவிதை ஒன்றும் அதில் இருக்கிறது, 1880இல் எழுதியது. இலை உதிர்வதைப் பார்த்து அழும் சிறுமியிடம் ‘நீ அழுவது உனக்காகத்தான்’ என்று சொல்லும் கவிதை. அதை ராத்திரி நீங்களும் வீட்டுக்காரரும் கேளுங்கள், பிள்ளைக்கு வேண்டாம்.

தமிழில் இது மாதிரி செய்யக் கவிதை எங்கே இருக்கிறது? ஆத்திசூடி, பாப்பா பாட்டு இரண்டையும் விட்டால் நம்மிடம் குழந்தைக்கு என்று பழைய பாட்டே இல்லையே.
— கூட்டுறவு வங்கி ஊழியர், பண்ணைக்காடு

இல்லை என்று யார் சொன்னது? நாம்தான் அவற்றைப் பத்து மார்க் மனப்பாடப் பகுதியில் பூட்டி வைத்திருக்கிறோம். இந்த மலையில் வளரும் பிள்ளைக்கு என்றே எழுதி வைத்த மாதிரி மூன்று பாட்டு சொல்கிறேன்.

முதலாவது ‘நாராய் நாராய் செங்கால் நாராய்’. கும்பகோணம் பக்கத்துச் சத்திமுத்தம் ஊர்ப் புலவர், பரிசில் தேடி மதுரைக்கு வந்தவர், போர்த்திக்கொள்ளத் துணி இல்லாமல் வாடைக் காற்றில் நடுங்கிக்கொண்டு, மேலே பறக்கிற நாரையிடம் ‘எங்க ஊர்க் குளத்துல தங்குவியே, என் பெண்டாட்டிகிட்ட நான் இருக்கிற நிலைமையைச் சொல்லிடு’ என்று தூது விடுகிறார். பல்லி எந்தப் பக்கம் சத்தம் போடும் என்று பார்த்துக்கொண்டு நனைந்த சுவரோடு அவள் வீட்டில் உட்கார்ந்திருப்பாளாம். சரி, தன் நிலைமை என்று எதைச் சொல்லச் சொல்கிறார் தெரியுமா?

‘கையது கொண்டு மெய்யது பொத்திக்
காலது கொண்டு மேலது தழீஇப்
பேழையுள் இருக்கும் பாம்பென உயிர்க்கும்
ஏழை யாளனைக் கண்டனம் எனுமே’

கையால் உடம்பைப் பொத்தி, முழங்காலை மடக்கி மேலே தழுவி, பெட்டிக்குள் அடைத்த பாம்பு மாதிரி உஸ் உஸ் என்று மூச்சு. டிசம்பர், ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி பூத்துக் கிடக்கும் காலையில் ஸ்கூல் வேனுக்கு நிற்கும் நம் பிள்ளைகள் எப்படி நிற்கிறார்கள்? ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு, குல்லாவைக் காது வரைக்கும் இறக்கி, இதே நிலைதான். ‘தழீஇ’ என்பதற்குப் பொருள் எழுதுக என்று கேட்காதீர்கள், பாடிக்கொண்டே செய்து காட்டச் சொல்லுங்கள். பாம்பு மூச்சு வரும் இடத்தில் வாயிலிருந்து ஆவி வருகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள், மலைப்பிள்ளைக்கு மட்டும் கிடைக்கிற ஸ்பெஷல் எஃபெக்ட் அது. மெட்டும் சுலபம். அகவல் ஓசை, அடிக்கு நாலு சீர், நாலு தட்டு. கையைத் தட்டினால் போதும், பாட்டு தானாக நடக்கும்.

இரண்டாவது முக்கூடற்பள்ளு. திருநெல்வேலிப் பக்கம் சீவலப்பேரியை ஒட்டிய முக்கூடலைப் பற்றிய பாட்டு, எழுதியவர் பெயர் தெரியாது.

‘ஆற்று வெள்ளம் நாளை வரத் தோற்றுதே குறி – மலை
யாள மின்னல் ஈழ மின்னல் சூழ மின்னுதே
நேற்றும் இன்றும் கொம்பு சுற்றிக் காற்றடிக்குதே – கேணி
நீர்ப்படு சொறித்தவளை கூப்பிடுகுதே’

வெள்ளம், மின்னல், காற்று, சொறித்தவளை. ஆறு வயசுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? மேற்கே கேரளப் பக்கம் மின்னினால் ஒரு மழை, கிழக்கே மின்னினால் வேறு மழை என்று நம் பாட்டிமார் இன்றைக்கும் முற்றத்தில் நின்று சொல்கிறார்கள், அந்தக் கணக்கு அப்படியே இரண்டாம் அடியில் இருக்கிறது. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் நனைக்கிற மலை இது என்பதால் நம் பிள்ளைகள் இரண்டு மின்னலையும் பார்த்திருப்பார்கள். பாடும்போது ஒரு இடம் மட்டும் கவனம். ‘மலை’ என்று முதல் அடி முடிகிற இடத்தில் மூச்சு வாங்கினால் அடுத்த அடி ‘யாள மின்னல்’ என்று அனாதையாக நிற்கும். ‘தோற்றுதே குறி’ என்றதும் மூச்சை வாங்கிக்கொண்டு, ‘மலையாள மின்னல்’ என்று ஒரே வீச்சில் போக வேண்டும். ‘கேணி நீர்ப்படு’ என்பதும் அப்படித்தான். இந்தத் தாவல்தான் அந்தப் பாட்டின் உயிர், சில மேடைகளில் இதைச் சீராகக் கத்தரித்து வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க விடுகிறார்கள், கேட்கவே பாவமாக இருக்கிறது.

மூன்றாவது குற்றாலக் குறவஞ்சி, 18ஆம் நூற்றாண்டு, திரிகூடராசப்பக் கவிராயர். ‘வானரங்கள் கனிகொடுத்து மந்தியொடு கொஞ்சும், மந்திசிந்து கனிகளுக்கு வான்கவிகள் கெஞ்சும்’ என்று குறத்தி தன் மலையைப் பற்றிப் பீற்றிக்கொள்கிற பாட்டு. ஆண் குரங்கு பழம் கொடுக்கிறது, பெண் குரங்கு சிந்துகிறது, சிந்தியதற்கு இன்னொரு கூட்டம் கெஞ்சுகிறது. நம்மூரில் கெஞ்சாது, கையில் இருக்கும் சோளத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும், அது வேறு விஷயம். இந்த இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டு, மூன்றாவது வரியைப் பிள்ளைகளையே கட்டச் சொல்லுங்கள், எங்க மலையில் என்ன இருக்கிறது என்று. பேரிக்காய் வரும், பிளம்ஸ் வரும், காட்டெருமை வரும்.

பேரனுக்குத் திருப்புகழ் சொல்லித் தருகிறேன். மருமகள் ‘அர்த்தம் தெரியாம எதுக்கு மாமா இந்த வயசுல’ என்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அம்மா?
— ஒரு தாத்தா, பூம்பாறை

ஐயா, குழந்தை வேலப்பர் கோயில் ஊரிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்தால் நான் வேறு என்ன சொல்ல? அருணகிரிநாதர் அந்தக் கோயில் மண்டபத்தில் படுத்திருந்தபோது கொல்ல வந்த ராட்சசி, அவர் மார்பில் முருகன் குழந்தையாகப் படுத்திருப்பதைப் பார்த்து, யாரோ தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள் என்று விட்டுவிட்டுப் போனாள் என்று உங்கள் ஊரில் சொல்கிற கதை உங்களுக்கே தெரியும். பேரனுக்குப் பாட்டுக்கு முன்னால் அந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.

மருமகள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் திருப்புகழில் பிள்ளை பிடித்துக்கொள்வது சந்தத்தைத்தான். ‘முத்தைத்தரு’ பாட்டை எடுங்கள். முதலில் வார்த்தையே வேண்டாம், ‘தத்தத்தன தத்தத் தனதன’ என்று தொடையில் தட்டிக்கொண்டு நாலு நாள் சொல்லட்டும். அது ஏறிய பிறகு வார்த்தையை அதன் மேல் வையுங்கள், சறுக்காது. அந்தப் பாட்டின் பின்பாதியில் போர்க்களத்தில் கிழட்டுக் கோட்டான் கத்துகிற இடம் ஒன்று வரும்: ‘குக்குக்குகு குக்குக் குகுகுகு’. இதற்கு எந்தப் பேரன் அர்த்தம் கேட்பான்? ராத்திரி தோட்டத்தில் ஆந்தை கத்தினால் ‘தாத்தா, திருப்புகழ்’ என்பான்.

ஒன்று மட்டும். இன்று கிடைக்கிற திருப்புகழ்ப் பாட்டுகள் ஆயிரத்து முந்நூறு சொச்சம், அவற்றில் நிறைய பாட்டுகளின் முன்பாதி பெண்ணாசையைத் திட்டுவதிலேயே போகும். பூம்பாறைக்கு என்று அவர் பாடியதும் அந்த ரகம்தான். நம்ம ஊர்ப் பாட்டாச்சே என்று அதிலிருந்து ஆரம்பித்துவிடாதீர்கள், அப்புறம் மருமகளுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

கிட்டார் வாசிப்பேன். புறநானூறு 188ஆம் பாட்டுக்கு நானே மெட்டுப் போட்டு எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பாடினேன். ‘பாப்பா சோறு சிந்துது, அதுக்கு இப்ப என்னண்ணா’ என்று கேட்டுவிட்டார்கள். எங்கே தப்பு அக்கா?
— கல்லூரி மாணவர், பெருமாள்மலை

தப்பு மெட்டில் இருக்காது தம்பி, பாட்டைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது அது. ‘குறுகுறு நடந்து சிறுகை நீட்டி, இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்’ என்று நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிற பிள்ளையை ஒரு அப்பன் உட்கார்ந்து ரசிக்கிற பாட்டு. பார்க்கிற கண் பெரியவர் கண். பிள்ளைக்குத் தான் சோறு சிந்துவது ஒரு அதிசயமா? திட்டுதான் வாங்கியிருப்பான். ‘அமிழ்தினும் ஆற்ற இனிதே’ குறளும் அதே கதை. குழந்தையைப் பற்றிய கவிதை, குழந்தைக்கான கவிதை என்று இரண்டு பெட்டி வைத்துக்கொள். முதல் பெட்டி நம்மிடம் நிரம்பி வழிகிறது, பிள்ளைத்தமிழில் பாதி அங்கேதான் போகும். ஆனால் அதே பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒன்று இருக்கிறது, நிலாவைக் கூப்பிட்டு ‘என் பிள்ளையோடு விளையாட வா’ என்பதும், வராவிட்டால் மிரட்டுவதும். பெரியாழ்வார் ‘தன் முகத்துச் சுட்டி தூங்கத் தூங்கத் தவழ்ந்து போய்’ என்று தொடங்கிப் பத்துப் பாட்டு அப்படிப் பாடியிருக்கிறார். நிலாவை மிரட்டலாம் என்றால் உன் தெருப் பிள்ளைகள் நிச்சயம் உட்காருவார்கள்.

கிட்டாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. புது மெட்டுத்தான் போட வேண்டும் என்று கட்டாயமா? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டம் பாடிக்கொண்டு போகிற காவடிச்சிந்து உன் காதில் சின்ன வயசிலிருந்து இருக்கும், வீட்டில் கும்மி மெட்டு இருக்கும், தாலாட்டு இருக்கும். அவற்றில் எது அந்தக் கவிதையின் அடியோடு ஒட்டுகிறது என்று பாடிப் பார். கவிமணியின் ‘தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு – அங்கே துள்ளிக் குதிக்குது கன்றுக்குட்டி’ கும்மி மெட்டில் அப்படியே உட்காரும், ஒரு எழுத்தைக் கூட இழுக்க வேண்டாம். வார்த்தையை இழுத்து, உடைத்து, மெட்டுக்குள் திணிக்க வேண்டி வந்தால் அந்த மெட்டைக் கீழே வைத்துவிடு. கிட்டார் பின்னால் மெதுவாகத் தட்டிக்கொண்டு வந்தால் போதும். நீ வாசிப்பதை நிறுத்தினாலும் பிள்ளைகள் பாடிக்கொண்டே போனால் பாட்டு தேறிவிட்டது.

பிள்ளைகளுக்குப் பாட எந்தச் சுருதி சரி?
— பால்வாடி ஆயா, வில்பட்டி

உங்களுக்கு வசதியான சுருதி அவர்களுக்குப் பாதாளம். நீங்கள் கொஞ்சம் கஷ்டப்பட்டு மேலே எடுங்கள். மெட்டு ஏழு சுரத்துக்குள்ளேயே சுற்றட்டும், மேல் ஸ்தாயிக்குப் போனால் கத்துவார்கள், கீழே போனால் முணுமுணுப்பார்கள். ஆர்மோனியம் இல்லையென்றால் பரவாயில்லை, கூட்டத்தில் நன்றாகப் பாடுகிற ஒரு பிள்ளையை முதல் அடி எடுக்கச் சொல்லி அந்தச் சுருதியை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் யூடியூபில் யானை ஆடும், தக்காளி பாடும். வெறும் பாட்டைக் கேட்க எந்தப் பிள்ளை வரும்?
— மளிகைக் கடைக்காரர், மன்னவனூர்

மழை நாளில் கரண்ட் போனால் வரும். உங்கள் ஊருக்கு அந்தக் குறை இல்லையே அண்ணாச்சி!

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் பழைய கவிதைகளைப் பாடப் போகிறார்கள். சில பாட்டுகள் ஒரு பாடகர் வெளியிட்ட ஆல்பத்தின் மெட்டில். உரிமைப் பிரச்சினை வருமா? வீடியோ எடுத்துப் போடலாமா?
— ஆசிரியை, தாண்டிக்குடி

நல்ல வேளை முன்னாலேயே கேட்டீர்கள் டீச்சர். பாட்டின் வரிக்கு ஒரு உரிமை, மெட்டுக்கு ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்கு ஒரு உரிமை. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் எல்லா வம்பும்.

வரி: முக்கூடற்பள்ளு, குறவஞ்சி, திருப்புகழுக்கெல்லாம் யாரிடமும் கேட்க வேண்டாம். பாரதி பாட்டுகளைச் சென்னை அரசு 1949இல் வாங்கி அப்புறம் பொதுவில் விட்டுவிட்டது. கவிமணி மறைந்தது 1954இல். நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் மறைந்த பிறகு 60 வருஷம் உரிமை இருக்கும், அது 2014 முடிவோடு தீர்ந்தது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா மறைந்தது 1989இல், அதனால் அவருடைய தட்டு, லட்டு, கிட்டுவை மேடை ஏற்றும் முன் உரிமை யாரிடம் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

மெட்டு: கவிதை ஆயிரம் வருஷம் பழையதாக இருந்தாலும் மெட்டு நேற்றுப் போட்டதென்றால் அது போட்டவருடையது. ஆனால் பள்ளி நிகழ்ச்சியாக, பிள்ளைகளும் ஆசிரியர்களும் பாடி, கேட்பவர்கள் பள்ளியில் இருப்பவர்கள், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் மட்டும் என்றால் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் அதற்கு விலக்கு தருகிறது. டிக்கெட் போட்டு ஊரைக் கூப்பிட்டால் அந்த விலக்கு போய்விடும்.

வீடியோவை நெட்டில் ஏற்றினால் கேட்பவர் பெற்றோர் மட்டும் இல்லை. மெட்டுப் போட்டவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பிள்ளைகள் முகம் தெரிவதால் பெற்றோரிடமும் வாங்குங்கள். ஆல்பத்தின் டிராக்கை ஸ்பீக்கரில் ஓடவிட்டு அதன் மேல் பாடி எடுத்த வீடியோ என்றால் ஒலிப்பதிவு வைத்திருக்கும் கம்பெனியிடமும் கேட்க வேண்டும், அவர்களுக்கும் வெளியிட்டதிலிருந்து 60 வருஷம் உண்டு. இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்றால் நிகழ்ச்சியில் பாதியைக் கும்மியிலும் காவடிச்சிந்திலும் மாற்றிவிடுங்கள். ஊருக்குப் பொதுவான மெட்டு, யாரும் கேட்க மாட்டார்கள். தாண்டிக்குடியில் கும்மி தெரிந்த பாட்டிகள் இல்லாமலா போய்விட்டார்கள்? ஒத்திகைக்கு அவர்களைக் கூப்பிடுங்கள், காபி மட்டும் நன்றாகக் கொடுங்கள்.